அவசரம்: இன்ஜினைக் கழுவினேன், வண்டி உதறுகிறது

மடிப்பாக்கம் மழை, ஞாயிறு காலை 11.40
வணக்கம். காலையில் பானெட்டைத் திறந்து நன்றாகக் கழுவிவிட்டேன். எலிப் புழுக்கை, ஆயில் பிசுக்கு, மூன்று வருஷ அழுக்கு எல்லாம் போயாச்சு. இப்போது ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. மஞ்சள் விளக்கு வேறு. நாளை 8 மணிக்கு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மெக்கானிக் போனை எடுக்கவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை காளை, 11.52
என்ன வண்டி, பெட்ரோலா டீசலா, எதை வைத்துக் கழுவினீர்கள், ஒன்றுமே சொல்லாமல் சீக்கிரம் என்றால் எப்படி சார்?

டூல்பாக்ஸ், 11.58
இன்ஜின் படம் போட்ட விளக்கா? விடாமல் எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? முதலில் இதைச் சொல்லுங்கள்.

ராயபுரம் ராஜபார்ட், 12.05
எலிப் புழுக்கை என்றீர்களே, விஷயம் அங்கேதான். வயரைக் கடித்திருக்கும். போன மழையில் எனக்கும் இதே கதை. ஃபியூஸ் பாக்ஸுக்குப் பின்னால் கூடு. தேங்காய் நார், பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஒற்றை சாக்ஸ், பாதி பஜ்ஜி. புகையிலை கட்டி வையுங்கள்.

டூல்பாக்ஸ், 12.09
காலை வரை ஒழுங்காக ஓடிய வண்டி. எலி என்ன, தண்ணீர் அடிக்கும்போதா வந்து கடித்தது?

ராயபுரம் ராஜபார்ட், 12.11
முன்னமே கடித்த இடத்தில் இப்போது தண்ணீர் பட்டிருக்கும். எலியை லேசாக நினைக்காதீர்கள்.

தி.நகர் டர்போ, 12.20
பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியிருப்பார். ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், ஐடிலிங்கை (நின்றபடி ஓடும் வேகத்தை) மறந்திருக்கும். 20 கிலோமீட்டர் ஓட்டினால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பழைய இரும்பு, 12.31
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. நான் 1991-லிருந்து வண்டி ஓட்டுகிறேன், என் இன்ஜினில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. ஈரத் துணி, பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். பம்ப் வாங்கிவிட்டால் எல்லோரும் சர்வீஸ் ஸ்டேஷன் முதலாளி ஆகிவிடுகிறார்கள்.

மடிப்பாக்கம் மழை, 12.48
மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். வெள்ளை கலர் வண்டி. பெட்ரோல், 4 சிலிண்டர். பக்கத்து வீட்டு பிரஷர் வாஷர். டெர்மினலைத் தொடவே இல்லை. சூடாக இருந்தால்தான் பிசுக்கு விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அதனால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அடித்தேன். விளக்கு மின்னுகிறது.

டூல்பாக்ஸ், 1.10
இப்போது புரிகிறது. ஓட்டவே ஓட்டாதீர்கள், டர்போ சொன்ன 20 கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். விளக்கு மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அது போனால் செலவு வேறு ரகம்.

அநேகமாக ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. கரண்ட் பிளக் நுனிக்குப் போகாமல் ஈரத்தின் வழியாகப் பக்கத்து உலோகத்தில் இறங்கிவிடும். வண்டியை ஆஃப் செய்து ஆறவிடுங்கள், நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். மேலே வரிசையாக, பிளக்குக்குக் கரண்ட் தருகிற நான்கு காயில் இருக்கும். ஒவ்வொன்றாக கனெக்டரை விலக்கி, 10 நம்பர் ஸ்பானரில் போல்ட்டைக் கழற்றி, லேசாகத் திருகித் தூக்குங்கள். கீழே நீளமாக ரப்பர் உறையோடு வரும். செல்போன் டார்ச்சைக் குழிக்குள் அடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் கண்ணாடி மாதிரி மின்னும்.

பார்த்ததும் பிளக்கைக் கழற்றிவிடாதீர்கள். தண்ணீரும் மண்ணும் நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீளமான ஸ்குரூடிரைவரில் பருத்தித் துணியைச் சுற்றி ஒற்றி எடுங்கள், பிறகு ஹேர் டிரையர். பஞ்சர் கடைக்காரர் ஏர் அடித்துத் தந்தால் இன்னும் நல்லது, ஆனால் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் முகத்தில்தான் வரும். அந்த ரப்பர் உறையையும் உள்ளே வெளியே துடையுங்கள். அதில் பென்சில் கோடு மாதிரி கறுப்புத் தடம் இருந்தால் அதை மாற்ற வேண்டும்.

குரோம்பேட்டை காளை, 1.22
வண்டியின் கோளாறு கோடைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பாருங்கள். பி 0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர், 0303 என்றால் மூன்றாவது. பி 0300 வந்தால் எது என்று சொல்லாமல் மழுப்புகிறது என்று அர்த்தம்.

தி.நகர் டர்போ, 1.35
எங்கள் ஏரியா வாட்டர் சர்வீஸில் டீசல் ஸ்பிரே பண்ணித்தான் தருவார்கள். இன்ஜின் கண்ணாடியாக இருக்கும். தண்ணீர் வேண்டாம் என்றால் அதைச் செய்யலாமே.

பழைய இரும்பு, 1.41
ஒரு வாரத்துக்குக் கண்ணாடி. அப்புறம் ரோட்டுப் புழுதி மொத்தமும் அந்த எண்ணெயில் ஒட்டி அடை மாதிரி ஆகிவிடும். பெல்ட்டும் ரப்பர் ஹோஸும் ஊறி உப்பும். தம்பிக்குத் தெரிய நியாயமில்லை.

தி.நகர் டர்போ, 1.44
எங்கள் அப்பா அம்பாசடருக்கு மண்ணெண்ணெய்தான் அடிப்பார். ஒன்றும் ஆகவில்லை.

டூல்பாக்ஸ், 1.52
மண்ணெண்ணெய் ஆவி 40 டிகிரியை ஒட்டியே தீப்பிடிக்கத் தயாராகிவிடும். நம் ஊர் மே மாத வெயிலே அவ்வளவு இருக்கிறது, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். அப்பா அதிர்ஷ்டசாலி.

பெசன்ட் நகர் அலை, 2.05
எங்கள் பக்கம் உப்புக் காற்று, கழுவாவிட்டால் போல்ட் எல்லாம் துருப்பிடிக்கிறது. கழுவினால் போர் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. நாங்கள் என்னதான் செய்வது?

பழைய இரும்பு, 2.08
மேலே ஈரத் துணி என்று எழுதியிருக்கிறேன். படிக்கவும்.

டூல்பாக்ஸ், 2.20
அலை, பழைய இரும்பு சொன்னதில் அந்தப் பாதி சரி. இன்ஜின் கை வைக்கிற அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். நெகட்டிவ் கழற்றி, ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பாலிதீன் சுற்றி மூடுங்கள். டீகிரீசரைப் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் அடித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து ஈரத் துணியால் எடுங்கள். துணி போகாத இடத்துக்கு மெதுவாக ஒரு மக் கேன் தண்ணீர், அதில் உப்பு படியாது. ஸ்டார்ட் செய்யுமுன் பாலிதீனை எண்ணி எடுங்கள், நான் ஒருமுறை விட்டுவிட்டேன், பெல்ட் அதை நார் நாராக்கியது. எலிப் புழுக்கை இருந்தால் கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

குரோம்பேட்டை காளை, இரவு 9.15
மழை சார், என்ன ஆச்சு?

மடிப்பாக்கம் மழை, திங்கள் மாலை 6.30
இரண்டாம் மூன்றாம் குழிகளில் தண்ணீர் இருந்தது. துணி, ஹேர் டிரையர். இப்போது உதறல் இல்லை. ராத்திரி பயந்துபோய் ஆட்டோ சொல்லிவிட்டேன், அம்மாவை அதில்தான் கூட்டிப்போனேன். வயர் எல்லாம் முழுசாக இருக்கிறது, பானெட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சை மட்டும் ஏதோ கடித்திருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

ராயபுரம் ராஜபார்ட், 6.34
ஏதோ இல்லை சார், எலி.

டூல்பாக்ஸ், 6.50
விளக்கு அணைந்துவிட்டதா? அதைச் சொல்லவில்லையே.

டூல்பாக்ஸ், புதன் காலை 10.05
சார்?