புதுப்பிப்பு: பைன்போனில் இரண்டு ஓஎஸ், எப்போதும் மெமரி கார்டே பூட் ஆகும் சிக்கல் (தீர்ந்தது)

முன்பு இங்கே இந்தச் சிக்கலைக் கேட்டிருந்தேன், வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. லினக்ஸ் போனான என் பைன்போனில் இரண்டு லினக்ஸ் இயங்குதளங்கள் (ஓஎஸ்) வைத்திருக்கிறேன்: உள் சேமிப்பில் மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மெமரி கார்டில் மோபியன். எந்த ஓஎஸ் தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் டோ-பூட் என்ற பூட்லோடரை (போன் ஆனதும் முதலில் ஓடி ஓஎஸ்ஸைத் தொடங்கும் சிறு நிரல்) உள்ளே போட்ட பிறகும் போனை ஆன் செய்தால் மோபியன்தான் வந்துகொண்டிருந்தது.

"கார்டிலேயே ஒரு பூட்லோடர் உட்கார்ந்திருக்கும், அதை அழி" என்றவர் சொன்னதுதான் சரி. போனின் ஆல்வின்னர் ஏ64 சிப் முதலில் கார்டைத்தான் பார்க்கும். கார்டின் 8வது கேபியில் (கிலோபைட்டில்) யூ-பூட் என்ற பூட்லோடர் இருந்தால் டோ-பூட்டுக்கு வேலையே இல்லை. கார்டைக் கணினியில் செருகி, வட்டில் நேரடியாக எழுதும் டிடி (dd) கட்டளையால் 8வது கேபியிலிருந்து 32 கேபிக்குப் பூஜ்யம் எழுதியதும் சரியாகிவிட்டது. கட்டளையில் டிரைவ் பெயரை இருமுறை பாருங்கள், மாறினால் கணினியின் வட்டு போய்விடும்.

இப்போது சும்மா ஆன் செய்தால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். வால்யூம் குறைக்கும் பொத்தானை இரண்டாவது அதிர்வு முடியும்வரை அழுத்தினால் விளக்கு வெளிர்நீலமாகி மோபியன் வரும்.

எதிர்பாராதது ஒன்று: ஓஎஸ் இரண்டானாலும் மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் மோடம் ஒன்றுதான், அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறாது; எதில் இருந்தாலும் நெட்வொர்க்குக்கு அது ஒரே போன்தான். ஆகவே மோபியனுக்குப் போகுமுன் பின்மூடியைக் கழற்றி மோடத்துக்கான 1ஆம் சுவிட்சை அணைக்கிறேன். மூடியைக் கழற்றுவது தொல்லைதான், ஆனால் சுவிட்ச் அதன் அடியில்தான் இருக்கிறது.