இராவணன் கடைசியில் வீரனாகிறானா?

வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து இராவணன் கதையை நாடகமாகப் பழகுகிறோம். கடைசிக் காட்சியில் தடுமாறி நிற்கிறோம். இந்திரசித்து இறந்துவிட்டான், மண்டோதரி மன்றாடுகிறாள், முடிவு தெரிந்தும் அவன் போருக்குப் புறப்படுகிறான். இது வீரமா, வீம்பா? கம்பர் 'வெறுங்கையோடு இலங்கை புக்கான்' என்று பாடிய இடத்தில்தான் எனக்கு அவன் மனிதனாகத் தெரிகிறான். அப்புறமும் சீதையை விடாதவனை வீரன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நேற்று ஒத்திகையில், நடிக்கும் தம்பி வாளை எடுக்கும் முன் மகனின் தலைப்பாகையை மெல்லத் தடவிப் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு தயாரித்த 'இராவணேசன்' கூத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தப் புறப்பாட்டை எப்படி ஆடினார்கள்? நினைவில் இருப்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.