‘குளிர் தொடக்கம்’ வேண்டாமே: கோல்ட் ஸ்டார்ட்டுக்கு வேறு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொற்பட்டியலில் கோல்ட் ஸ்டார்ட் (வெகுநேரம் நின்ற எஞ்சினைக் கிளப்புவது) என்பதற்கு ‘குளிர் தொடக்கம்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடச் சொல்லித்தான் இந்த மடல். அந்தச் சொல்லை நம்பியதில் எனக்கு மூன்று வாரம் வீண், ஒரு பேட்டரியும் தண்டம்.

என் கார் 2004-ல் வாங்கியது. ரேடியேட்டர் விசிறி கண்டபடி ஓடுகிறதென்று கூலண்ட் வெப்ப உணரியை (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்தின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) மாற்றினோம். மறுநாள் காலையிலிருந்து வம்பு. நாலு தடவை சாவி திருப்பினால்தான் எடுக்கும். எடுத்தாலும் உலுக்கி உலுக்கி நிற்கப் பார்க்கும். ரெண்டு நிமிஷம் ஓடிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது தொட்டதும் எடுக்கும்.

நான் கலைச்சொல் ஆர்வத்தில் மெக்கானிக்கிடம், “குளிர்ல கிளம்பத் தடுமாறுது” என்றேன். “சித்திரை மாசம் பாளையங்கோட்டையில ஏது அண்ணாச்சி குளிரு?” என்று சிரித்துவிட்டு பிளக், பேட்டரி, பெட்ரோல் பம்ப் என்று போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் சொன்ன சொல் அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது.

கடைசியில் ஒரு விடிகாலை, இரவெல்லாம் நின்ற வண்டியில், உணரிகள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம். உள்ளே வரும் காற்று 28 பாகை. கூலண்ட் 51 பாகை! ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். உணரியைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 800 ஓம் சொச்சம். இந்த வகை உணரி சூடு ஏற ஏற மின்தடை குறைவது. என் வண்டிக்கு உரியது 20 பாகையில் சுமார் 2,500 ஓம், 80 பாகையில் 300-ஐ ஒட்டி இருக்கும். கடையில் கொடுத்தது வேறு அளவு உணரி. சாக்கெட் மட்டும் பொருந்தியிருக்கிறது.

ஆறின எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, எஞ்சினின் உள்சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் வண்டியின் கம்ப்யூட்டர் அந்நேரம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டும். பழைய வண்டியில் நாம் சோக் இழுத்த வேலைதான். உணரி “51” என்று பொய் சொன்னால், பாதிச் சூடு ஏறிவிட்டது என்று கம்ப்யூட்டர் கையைச் சுருக்கிக்கொள்ளும். சூடேறிய பின், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரியைப் பார்த்துப் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கம்ப்யூட்டர் திருத்திக்கொள்வதால் பகலில் குறையே தெரியாது.

மேலே நான் ‘ஆறின’ என்று எழுதியதைக் கவனியுங்கள், யோசித்து எழுதவில்லை. ஓடும்போது 90 பாகையை ஒட்டி இருக்கும் எஞ்சினுக்கு 28 என்பது ஆறின நிலை. நமக்கோ அது வேர்க்கிற நிலை. குளிர்ந்த காப்பி வேறு, ஆறின காப்பி வேறு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்ற ஊரில் எஞ்சினுக்கு மட்டும் ஏன் குளிர வேண்டும்?

என் பரிந்துரை: ஆறற்கிளப்பு (ஆறல் + கிளப்பு). எதிர்ச்சொல் சூட்டுக்கிளப்பு.

— பாளையங்கோட்டை

*

அண்ணாச்சி, ‘ஆறல்’ ஏற்கலாம். ‘கிளப்பு’தான் உதைக்கிறது. எங்க தாத்தா காலத்தில் காப்பிக் கடைக்குப் பேரே கிளப்பு. ஆறற்கிளப்பு என்றால் ஆறின காப்பி ஊத்துகிற கடை என்றல்லவா அம்பையில் நினைப்பார்கள்!

‘தண்தொடக்கம்’ என்றால் என்ன? நம் தாமிரபரணியாம் பொருநையே தண்பொருநைதானே.

— அம்பாசமுத்திரம்

*

கணினிக்கும் கோல்ட் பூட் இருக்கிறதே. இரண்டுக்கும் ஒரே சொல்லாக வைத்தால் மாணவர்களுக்கு எளிது.

— வள்ளியூர்

*

வள்ளியூர் தம்பிக்கு: கணினியில் சூடும் இல்லை, ஆறலும் இல்லை, மின்சாரம் அற்ற நிலையிலிருந்து எழுப்புவது. அங்கே ஆங்கிலமே உருவகமாகச் சொல்கிறது. அந்த உருவகத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

அம்பைத் தம்பிக்கு: ‘தண்’ என்றதும் ஆற்றங்கரையில் காற்று வாங்குகிற சுகம் வருகிறது. காலையில் சாவி திருப்பித் திருப்பிக் கை வலித்தவனுக்கு அது ஒட்டாது. கிளப்பு விஷயத்தில் நான் தோற்றேன்; வீட்டிலும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். ‘கிளப்பல்’ என்று மாற்றிக்கொள்கிறேன். புணர்ச்சியும் வேண்டாம், ‘ஆறிய கிளப்பல்’ என்று பிரித்தே எழுதலாம். ஆறியது எஞ்சின்தானே, கிளப்பலா என்று இலக்கணம் கேட்பவர்கள் ‘ஆறிய நிலைக் கிளப்பல்’ என்று நீட்டிக்கொள்ளட்டும்.

சரியான உணரி வாங்கிப் போட்ட அன்று மெக்கானிக்கிடம், “இனி ஆறின வண்டியக் கிளப்பினா உலுக்காதுல்லா?” என்று கேட்டேன். “விடிய ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா எடுத்துப் பாருங்க” என்றார். சொல்லுக்கு விளக்கம் கேட்கவில்லை.