கூடம் இந்தோனேசியாவில், அடுப்பங்கரை மலேசியாவில்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு செபாத்திக் தீவுக்காரர் ஒருவரிடம் பேசுவேன் என்று நினைத்ததே இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற, புகிஸ் இனத்து இளைஞர். சம்பளம் போட்ட வாரம் எங்கள் ஒட்டுக்கடைக்குத் தோசை சாப்பிட வருவார். பெரியம்மாவுக்கு அவர் 'தம்பி', அவருக்குப் பெரியம்மா 'மாக்சிக்' (மலாயில் அத்தை, பெரியம்மா போன்ற அழைப்பு).

சொந்த ஊர் அஜி கூனிங். சபாவில் தாவாவுக்கு எதிரே இருக்கும் செபாத்திக்கின் வடக்குப் பாதி நம் மலேசியாவுடையது, தெற்குப் பாதி இந்தோனேசியாவுடையது. 1891-இல் பிரிட்டிஷ்காரரும் டச்சுக்காரரும் செய்த ஒப்பந்தம், 4 பாகை 10 கலை அட்சரேகையில் தீவைக் குறுக்கே வெட்டிவிட்டது. கைபேசியில் ஒரு பலகை வீட்டைக் காட்டினார். முன்னால் சிவப்பு வெள்ளைக் கொடி. கூடம் இந்தோனேசியாவில், பின்கட்டு அடுப்பங்கரை மலேசியாவில்! கேஸ் தோம்பு (சிலிண்டர்) தாவாவிலிருந்து படகில் வருமாம். கடைகளில் ரூப்பியாவும் செல்லும், ரிங்கிட்டும் செல்லும். வாழைத்தாரைத் தாவாவில் விற்றால்தான் கையில் நாலு காசு தங்கும் என்றார்.

அதே கோடு கிழக்கே கடலுக்குள்ளும் நீள்கிறது என்று சொல்லித்தான் சிப்பாடான், லிகித்தான் தீவுகளை இந்தோனேசியா கேட்டது. கோடு செபாத்திக்கின் கிழக்குக் கரையோடு சரி என்றது அனைத்துலக நீதிமன்றம். 2002 டிசம்பரில் இரு தீவுகளும் 16-க்கு 1 என்ற கணக்கில் மலேசியாவுக்கு வந்தன. அங்கே ஆமை முட்டை எடுப்பதற்கு வட போர்னியோ நிர்வாகம் விதி போட்டு நடத்தியதும், பிற்பாடு கலங்கரை விளக்கம் கட்டியதும் நமக்குச் சாட்சியாக நின்றன.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "இவனுக்கு எந்த நாட்டு ஐசி?" என்று அடையாள அட்டையைப் பற்றிக் கேட்டார். இந்தோனேசியா என்றேன்.

"நல்லது. ஒரு நாடாவது என் பிள்ளைன்னு சொல்லுதே."

பெரியம்மா இங்கேயே லயத்து வீட்டில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் இன்னும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசிதான், ஓட்டுப் போட முடியாது. ஆளில்லாத் தீவு யாருடையது என்று சொல்ல ஆமை முட்டை விதி போதுமானதாக இருந்தது. இந்த மண்ணில் ரப்பர் பால் வெட்டிய மனுஷிக்குத் தோட்டத்துச் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) இருந்த பெயர் போதவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

தம்பிக்கு விவரம் புரிந்ததும், பெரியம்மாவின் ஐசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தன் ஊரிலும் கிழவர்கள் சிலர் காகிதமில்லாமல் இருக்கிறார்களாம்.

தாவாவ் பக்கத் தோட்டங்களில் கிராணியாகவோ (குமாஸ்தா) மண்டோராகவோ (மேற்பார்வையாளர்) வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். சிவப்பு ஐசியைக் குடிமக்களுக்கான நீல ஐசியாக மாற்றியவர்கள், என்னென்ன பத்திரம் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு மறுபடியும் மனுப் போடப் போகிறோம்.