தேகுவில் வாத்தியார் வேலை, ஆஸ்டினுக்குத் தபாலில் போன வரிக்கணக்கு

நான் ஒஹாயோவில் வளர்ந்த அமெரிக்கக் குடிமகன். 2019 ஆகஸ்டில் தென்கொரியாவின் தேகு நகரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். போய்ச் சேர்ந்த வாரமே ஆசிரியர் அறையில் கூட வேலை பார்த்த இன்னொரு அமெரிக்கர், "நம்ம சம்பளம் ஒரு லட்சம் டாலருக்கு ரொம்பக் கீழே, ஊருக்கு வரிக்கணக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை" என்றார். நான் நம்பிவிட்டேன். நம்பக் காரணமும் இருந்தது. கிளம்புமுன் வாங்கிய அமெரிக்க வரிக் குடியிருப்புச் சான்றிதழைப் பள்ளியில் கொடுத்ததும், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் ஆசிரியர்களுக்கு உள்ள இரண்டு வருட விலக்கைக் காட்டி, கொரியாவிலும் வருமான வரி பிடிக்கவில்லை. சரி, நமக்கு எங்கேயும் வரி கிடையாது என்று இருந்துவிட்டேன்.

2023-இல் கல்யாணம். மனைவிக்குக் கிரீன் கார்டு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான், அவளுக்கு நான் பொறுப்பேற்கும் படிவத்தோடு கடைசி வருட வரிக்கணக்கு நகல் கேட்டார்கள். என்னிடம் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் அமெரிக்கக் குடிமகன் ஊருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்கு இருப்பது உண்மைதான், 2022-க்கு 1,12,000 டாலர் வரை. ஆனால் அது தானாக வராது. கணக்குத் தாக்கல் செய்து, கூடவே படிவம் 2555 வைத்து, ஏதோ ஒரு 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்தேன் என்று காட்டிக் கேட்டால்தான் உண்டு. நான் கேட்கவே இல்லை.

அடுத்தது வங்கிக் கணக்கு. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் அந்த வருடம் இருந்த அதிகபட்சத் தொகையைக் கூட்டி 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார், அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் அறிக்கை, தாக்கல் செய்ய வேண்டும். என் கொரியக் கணக்கில் ஐயாயிரம் டாலர்கூட இருந்ததில்லை. ஆனால் மதுரையில் அப்பத்தா என் பெயரையும் சேர்த்து 6 லட்ச ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தார். போனில் கேட்டபோது, "அது என் காசுய்யா, எனக்குப் பின்னால உனக்குன்னு போட்டது, அமெரிக்காக்காரனுக்கு அதுல என்ன வேலை?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் என் பெயர் அதில் இருக்கிறது. கூட்டினால் 10,000 தாண்டிவிட்டது.

வேண்டுமென்றே மறைக்காமல் விட்டுப்போனவர்களுக்கு அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸில் ஒரு வழி இருக்கிறது: மூன்று வருட வரிக்கணக்கு, ஆறு வருட எஃப்பார், ஏன் விட்டுப்போனது என்று சொந்த வார்த்தையில் எழுதிக் கையெழுத்திடும் படிவம் 14653. வெளிநாட்டில் வசித்தவர்களுக்கு அபராதம் கிடையாது, பாக்கி வரியும் வட்டியும் மட்டும். எஃப்பாரை இணையத்தில் அனுப்பினேன். வரிக்கணக்கைக் காகிதத்தில்தான் அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் மேலே சிவப்பு மையில் இன்ன திட்டத்தில் வருகிறது என்று எழுதி. பள்ளியில் பிள்ளைகளின் நோட்டுத் திருத்தும் சிவப்புப் பேனாவாலேயே எழுதினேன், கை நடுங்கியது. தேகு தபால் நிலையத்தில் அந்தக் கனத்த உறையை எடை போட்டுக் கொடுத்தேன், அது டெக்சஸிலுள்ள ஆஸ்டினுக்குப் போனது.

மூன்று வருடத்தில் இரண்டுக்குப் பூஜ்யம். 2022-இல்தான் அடி. அந்த மார்ச்சில் ஒரு ஹாக்வொன்னுக்கு, அதாவது தனியார் டியூஷன் மையத்துக்கு, மாறியிருந்தேன். அங்கே சம்பளத்தில் 3.3 சதவீதம் பிடித்தார்கள். குறைவாகப் பிடிக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். அந்த 3.3 என்றால் நான் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவன் என்று அர்த்தமாம். கொரிய ஓய்வூதியத்திலும் என்னைச் சேர்க்கவில்லை. படிவம் 2555 வருமான வரியைத்தான் நீக்கும், அமெரிக்க ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் போகும் 15.3 சதவீதச் சுயதொழில் வரியை அது தொடாது. பத்து மாதச் சம்பளத்துக்கு 2,500 டாலருக்கு மேல் கட்டினேன். தினமும் அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போய் அவர்கள் கொடுத்த புத்தகத்தை நடத்தியவன் எப்படிச் சுயதொழில்காரன் ஆவேன் என்று இன்னும் வயிறு எரிகிறது. ஹாக்வொன்னில் சேருகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த 3.3-ஐத் தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவரைக் கட்டிக்கொண்டு தனியாகக் கணக்குத் தாக்கல் செய்தால், வருமானம் 5 டாலர் இருந்தாலே தாக்கல் செய்தாக வேண்டும். 5 டாலர்தான், எழுத்துப் பிழை இல்லை.

இப்போது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ஜூன் 15 கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுகிறேன். என்னைப் போல 3.3 சதவீதம் பிடிக்கப்பட்ட யாராவது, கொரிய ஓய்வூதியத்தில் பிற்பாடு சேர்ந்து, அந்தச் சான்றை வைத்து அமெரிக்கச் சுயதொழில் வரியிலிருந்து தப்பியிருந்தால், எந்த அலுவலகத்தில் என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.