கத்திரி வெயிலில் தனியே கடலுக்குப் போகலாமா?

கொண்டல்:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை என்பதாலும், அப்போதுதான் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதாலும், சென்ற மே மாதம் பழவேற்காட்டிலிருந்து ஃபைபர் படகில் நான் ஒருவனாகவே தூண்டிலோடு போனேன். விடியுமுன் புறப்பட்டு, பாரின்மேல், அதாவது கடலடிப் பாறைத்திட்டின்மேல், இரண்டு வஞ்சிரமும் நான்கு பாரை மீனும் பிடித்து, பதினொரு மணிக்குள் கரை சேர்ந்துவிட்டேன். ஆள் பங்கு கொடுத்திருந்தால் எண்ணெய்ச் செலவு போக எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. தனியே போவது தவறு என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பழங்கட்டுமரம்:
தம்பி, கணக்கு சரிதான். ஆனால் அதில் காற்றைச் சேர்க்கவில்லை. இந்தக் காலத்தில் கடற்காற்று எழும்வரை மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும். அந்த நேரத்தில் இன்ஜின் நின்றால் படகு கரைக்கு வராது, ஆழத்துக்குத்தான் போகும். துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் இன்ஜினைப் பிரிக்கலாம், மற்றவர் துடுப்பைப் போட்டுப் படகின் முகத்தைத் திருப்பிப் பிடிக்கலாம். ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. கட்டுமரமாக இருந்தால் தவறி விழுந்தாலும் பற்றி ஏறிவிடலாம். ஃபைபர் படகின் விளிம்பு உயரமானது; நனைந்த உடையோடு நீரிலிருந்து அதை எட்டிப் பிடித்து ஏற முயன்றவர்களுக்குத்தான் அது தெரியும்.

கொண்டல்:
விழாமல் இருக்கத்தானே இடுப்புக் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும்? இன்ஜினை நிறுத்தும் சுருள்கயிற்றை மணிக்கட்டில் மாட்டினால், விழுந்தாலும் படகு நம்மை விட்டு ஓடாது.

பழங்கட்டுமரம்:
மீன் இழுக்கும்போது தூண்டிலின் தங்கூஸ் நரம்பு அதில் சிக்குகிறது என்று எத்தனை பேர் அதைக் கழற்றிவிடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். நீங்கள் கழற்றவே இல்லையா?

கொண்டல்:
ஒருமுறை கழற்றினேன். மறுக்கவில்லை.

உப்புக்காற்று:
நான் மருத்துவத் துறையில் இருப்பவள். அப்பா தொழிலுக்குப் போனவர். இருவரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கோ வெயில்தான் பெரிய கவலை. மேலிருந்து வரும் வெயில் போதாதென்று நீர்ப்பரப்பும் அதைத் திருப்பி அடிக்கிறது. தலையில் போட்ட ஈரத்துண்டு சிறிது நேரத்தில் காய்ந்து உப்புப் பூத்து விறைத்துவிடும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முதலில் மழுங்குவது புத்திதான். தனக்குப் பிசகுகிறது என்பது அந்த மனிதருக்கே தெரியாது. தண்ணீர்க் குடம் காலடியில் இருந்தும் குடிக்கத் தோன்றாது. அப்பா உளறத் தொடங்கிய நாளில் உடன் இருந்த சித்தப்பாதான் அவரைப் படுக்கவைத்து, தலையிலும் உடலிலும் தண்ணீர் ஊற்றிப் படகைத் திருப்பினார். கொண்டல் அண்ணன் சொன்ன எந்தக் கயிறும் அந்த வேலையைச் செய்யாது.

கொண்டல்:
அதற்காகத்தான் பதினொரு மணிக்குள் திரும்புகிறேன்.

பழங்கட்டுமரம்:
பத்தரை மணிக்குப் பெரிய வஞ்சிரம் ஒன்று கடித்தாலுமா?

கொண்டல்:
சகோதரி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தினமும் ஆள் வைக்கப் பணமும் இல்லை. பக்கத்து வீட்டுப் படகும் அதே பாருக்குத்தான் வருகிறது. கூப்பிடு தூரத்தில் நின்று தொழில் செய்யலாம் என்று அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

உப்புக்காற்று:
பேசுங்கள் அண்ணா. கூடவே ஒரு வாக்கிடாக்கியும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் இருக்கட்டும். கைபேசிக்கு அங்கே சிக்னல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.