ஸ்கோப்பஸில் ஒரு ப்ரொஃபைலில் 5, இன்னொன்றில் 3: கூட்டி எச்-இண்டெக்ஸ் 8 என்று போடலாமா?

கெடிலக்கரை:
வணக்கம். நான் எழுதியவை ஃபைலேரியா (யானைக்கால் நோய்), கொசு ஒழிப்பு பற்றிய பேப்பர்கள். உதவிப் பேராசிரியர் விண்ணப்பத்தில் மொத்த சைட்டேஷன் (மேற்கோள்), எச்-இண்டெக்ஸ், ஐ10, மொத்த இம்பாக்ட் ஃபேக்டர் எல்லாம் கேட்கிறார்கள். கூகுள் ஸ்காலர் எச்-இண்டெக்ஸ் 9 என்று காட்டுகிறது. ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் எனக்கு இரண்டு ப்ரொஃபைல். முதலாவதில் ஐந்து பேப்பர், சைட்டேஷன் 40, 15, 9, 6, 6. அடுத்ததில் நான்கு: 22, 7, 6, 3. எதைப் போடுவது? எங்கள் கல்லூரியில் ஸ்கோப்பஸ் சந்தா கிடையாது.

பாகூர் ஏரி:
கூட்டக் கூடாது. எச்-இண்டெக்ஸ் 6 என்றால் ஆறு பேப்பராவது ஒவ்வொன்றும் ஆறு சைட்டேஷனாவது வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது பேப்பரையும் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 40, 22, 15, 9, 7, 6, 6, 6, 3. ஆறாவது பேப்பருக்கு 6 இருக்கிறது, ஏழாவதுக்கு 7 இல்லை. ஆக உங்கள் எச்-இண்டெக்ஸ் 6. ஐ10 என்றால் பத்தும் அதற்கு மேலும் வாங்கியவை, அது 3. மொத்தம் 114. ஐ10 கூகுள் ஸ்காலரின் அளவுகோல், ஸ்கோப்பஸ் அதைக் காட்டாது. படிவத்தில் கேட்டால் ஸ்காலர் எண்ணையே கொடுங்கள்.

6 வாங்கிய மூன்றில் ஏதாவது இரண்டு ஆளுக்கொரு சைட்டேஷன் வாங்கினால் 7 ஆகிவிடும். 40 வாங்கியது 400 ஆனாலும் இந்த எண் அசையாது. ஹிர்ஷ் 2005-இல் இதைச் சொன்னபோதே அப்படித்தான் வடிவமைத்தார்.

வீராம்பட்டினம்:
முதலில் ப்ரொஃபைலை ஒன்றாக்குங்கள், எண்ணெல்லாம் பிறகு. நம்மூர்ப் பெயருக்கு இது தீராத தலைவலி. கு. செல்வி என்பவர் இனிஷியலோடு அனுப்பினால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் 'செல்வி கே'. அடுத்த ஜர்னல் கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்க, அப்பா பெயரைப் போட்டால் 'குமரேசன் எஸ்'. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறினால் மூன்றாவது ஆள். இதோடு நிறுவனத்தின் பெயரும் மாறினால் சிக்கல் இரட்டிப்பு. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனதும், பாண்டிச்சேரி 2006-இல் புதுச்சேரி ஆனதும் எல்லோருக்கும் தெரியும். முகவரியில் இரண்டும் மாறி மாறி வரும்போது ஸ்கோப்பஸின் கணக்கு தடுமாறுகிறது.

சந்தா இல்லாவிட்டால் பரவாயில்லை, ஸ்கோப்பஸ் ப்ரிவ்யூ இலவசம். பதிவு செய்து உள்ளே போய், ஆசிரியர் தேடலில் 'செல்வி' 'குமரேசன்' மாதிரி உங்கள் பெயர் வடிவங்கள் இரண்டையும் தனித்தனியாகக் கடைசிப் பெயராகக் கொடுத்துத் தேடுங்கள். இரண்டு ப்ரொஃபைலையும் டிக் செய்து, ஒன்றாக்கக் கோரிக்கை வையுங்கள். பேப்பர் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் அதே பெயருள்ள இன்னொருவரின் பேப்பரும் ஒட்டிக்கொள்ளும். உடனே மாறாது, கடைசித் தேதிக்கு முந்தின நாள் செய்து பயனில்லை.

கையோடு ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணும் வாங்கிவிடுங்கள். பதினாறு இலக்கம், காசு இல்லை. இனி அனுப்பும் ஒவ்வொரு பேப்பரிலும் அதைக் கொடுங்கள், பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை:
ஸ்காலர் 9 காட்டுவது தப்பில்லை. ஆய்வேடு, ப்ரீபிரிண்ட், மாநாட்டுச் சுருக்கம் என அது எல்லாவற்றிலிருந்தும் எண்ணும். ஸ்கோப்பஸ் தான் சேர்த்துக்கொண்ட ஜர்னல்களை வைத்துத்தான் பெரும்பாலும் எண்ணும். படிவத்தில் 'ஸ்கோப்பஸ் 6, கூகுள் ஸ்காலர் 9, பார்த்த தேதி' என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. எங்கே பார்த்தது என்று சொல்லாமல் வெறும் 9 என்று போட்டால்தான் நேர்காணலில் மாட்டுவீர்கள்.

மொத்த இம்பாக்ட் ஃபேக்டர் அர்த்தமற்ற எண். அது ஜர்னலின் சராசரி, உங்கள் பேப்பரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த சைட்டேஷனை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது, அவ்வளவுதான். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் தருவதை மட்டும் போடுங்கள். 2023 ஜூன் வெளியீட்டிலிருந்து அவர்கள் ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். எனவே அதற்குப் பிந்தைய ஆண்டுக்கு ஒரு ஜர்னல் தன் தளத்தில் 5.738 என்று போட்டிருந்தால் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சைட்ஸ்கோர் வேறு, அது ஸ்கோப்பஸின் நான்கு ஆண்டுக் கணக்கு. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

இன்னொன்று. ஃபைலேரியா சின்னத் துறை. புற்றுநோய்க்காரர்களோடு சைட்டேஷனை ஒப்பிட்டால் எப்போதும் தோற்போம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்-இன் ஐசைட் தளத்தில் பப்மெட் எண்களைக் கொடுத்தால் ஒவ்வொரு பேப்பருக்கும் ஆர்.சி.ஆர் (துறையோடு ஒப்பிட்ட சைட்டேஷன் விகிதம்) வரும், இலவசம்தான். 1.0 என்றால் அதே துறையில் என்.ஐ.எச் நிதியில் வந்த பேப்பர்களின் நடு மதிப்பு. 1.4 வாங்கிய பேப்பர் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

பேடன்ட், தொழில்நுட்பக் கைமாற்று இருந்தாலும் தனியாக எழுதுங்கள். நம்ம புதுச்சேரி வி.சி.ஆர்.சி-யின் (நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின்) பி-17 என்ற கொசுப்புழுக்கொல்லி பாக்டீரியா ரகம் தெரியுமல்லவா? அந்த மாதிரி வேலை எச்-இண்டெக்ஸில் ஏறவே ஏறாது.

கெடிலக்கரை:
நன்றி. கோரிக்கை போட்டுவிட்டேன். ஸ்காலரில் பார்த்தால் யாரோ ஒருவரின் பல் மருத்துவப் பேப்பர் இரண்டு என் கணக்கில் இருக்கின்றன.

பாகூர் ஏரி:
டிக் செய்து நீக்குங்கள். ஸ்காலர் அமைப்பில் 'தானாகச் சேர்' என்பதை நிறுத்தி, 'மின்னஞ்சலில் கேள்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் திரும்ப வந்து உட்காரும். நீக்கியபின் 9 குறையலாம், படிவத்தில் புது எண்ணைப் போடுங்கள். சைட்டேஷன் எண் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால், ஒன்றாக்கப்பட்ட பதிவுகளில் பொருந்தாதது ஏதோ இருக்கலாம். அதைத் திறந்து தலைப்பைச் சரிபாருங்கள்.